கூழ் ஊற்றும் மாதத்தில் மூன்றாவது லைன்

நிர்வாகவியல் படித்துவிட்டு, உத்திரமேரூர்ப் பக்கத்துத் தொழிற்கூடங்களில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்கு, அதிகாரப் பகிர்வு என்றால் என்ன, குழு அமைப்பு என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. அவற்றை என்னைவிட அண்மையில் படித்தவர்கள் நீங்கள். ஆனால் பாடநூல் ஒரு கேள்வியைக் கேட்டால், விடைக்கு வேண்டிய தகவல்களையும் அதே பக்கத்தில் கொடுத்துவிடும். வேலையிலோ பாதித் தகவல்தான் கையில் இருக்கும். மீதிப் பாதி நமக்குத் தெரிந்ததாகவே இருந்தாலும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. எதிரே இருப்பவர் பதிலுக்காகக் காத்திருப்பார். அப்படி நான் எடுக்க நேர்ந்த ஒரு முடிவைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சமூகப்பணியில் முதுகலை முடித்து, சீருடை தைக்கும் ஒரு கூடத்தில் பணியாளர் அலுவலராகச் சேர்ந்து, அங்கேயே மேலாளராகி, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். முதலாளி, உத்திரமேரூர்க் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்தவர். பெரியவர் முதல் சிறியவர் வரை அவரைப் பாய் என்றே அழைப்போம். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்கள் கம்பெனிப் பேருந்தில் வந்து தைத்தார்கள்.

தையற்கூடத்தில் ஒரு சட்டையை ஒருவரே தைப்பதில்லை. ஒருவர் காலர் வைப்பார், அடுத்தவர் கை வைப்பார், அதற்கடுத்தவர் பக்கத்தை மூட்டுவார். துணி இப்படிக் கைமாறிப் போகும் வரிசைக்குத்தான் லைன் என்று பெயர். நடுவில் ஓரிரண்டு இருக்கைகள் காலியாக இருந்தால் போதும். முன்னால் துணி குவியும், பின்னால் இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

நான் மேலாளரானபோது ஊர்ப்பக்கத்துப் பெண்கள் ஜன்னலோர லைன்களிலும், காலனிப் பெண்கள் அயர்ன் மேசைகளின் அனல் அடிக்கும் கடைசி லைனிலும் இருந்தார்கள். யாரும் உத்தரவிட்டு அப்படி நடக்கவில்லை; யாரும் தடுக்காததால் நடந்தது. திறமையைப் பார்த்து இடம் கொடுப்பது என்று நான் மாற்றினேன். எல்லா லைனிலும் எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது லைனுக்கு ஸ்டெல்லாவைச் சூப்பர்வைசராக நியமித்தேன். காலனியைச் சேர்ந்த கிறித்தவக் குடும்பம்; பெற்றோர் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். ஸ்டெல்லாவுக்கு நல்ல கை, அதைவிடப் பெரிய வாய்.

நியமன உத்தரவு எழுத எனக்குச் சில நிமிடங்கள்தான் ஆயின. அது நடைமுறைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஸ்டெல்லா ஒன்றைச் சொன்னால், ஊர்ப்பக்கத்துப் பெண்கள் உடனே செய்யமாட்டார்கள். அலுவலகக் கண்ணாடி வழியே என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் தலையசைத்த பிறகே துணியை எடுப்பார்கள். அந்தப் பார்வைகள் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டிருந்த காலத்தில்தான் மருத்துவமனை ஆர்டர் வந்தது.

ராஜகுளம் அருகே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மருத்துவமனை. ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் திறப்பு விழா. செவிலியர் முதல் சமையலறைப் பணியாளர் வரை அனைவருக்குமான சீருடையும் ஆடி முடிவதற்குள் வந்துவிட வேண்டும். பள்ளிச் சீருடைக் காலம் முடிந்து, கூடத்தின் இரண்டாவது கொட்டகையை மூடிவிடலாமா என்று பாய் யோசித்துக்கொண்டிருந்த நேரம். ஆர்டரை மகிழ்ச்சியோடு வாங்கிவந்தார். ஆடி என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் வாங்கியிருப்பார்.

இந்தப் பகுதிக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடியில் இங்கே ஒவ்வொரு மாரியம்மன் கோயிலிலும் கூழ் ஊற்றுவார்கள். எல்லாக் கோயிலுக்கும் ஒரே நாளில்லை. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு வாரம். அந்த வாரத்தில் காப்புக் கட்டிவிட்டால், பகலில் எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். ஞாயிறு கூழ், மறுநாள் வீடு நிறைய விருந்தாளிகள். கலந்து உட்கார்ந்திருந்த எங்கள் லைன்களில் இதன் விளைவு என்ன என்று நீங்களே ஊகிக்கலாம். எந்த வாரத்தை எடுத்தாலும் எல்லா லைனிலும் யாராவது இல்லை. ஒவ்வோர் ஆடியிலும் எல்லா லைன்களும் ஒருசேர நொண்டின.

அப்போது உற்பத்திப் பொறியாளராகப் புதிதாகச் சேர்ந்திருந்தவர் விக்னேஷ். திருப்பூர்க்காரர், கூர்மையான இளைஞர். பாயின் அறையில் மூவரும் உட்கார்ந்தபோது அவர் தன் திட்டத்தைச் சொன்னார்.

“ஊர்வாரியா லைன் போட்டுரலாங்க மேடம். ஒரு ஊர் ஆளுங்க எல்லாம் ஒரு லைன். எந்த ஊர்ல கூழோ, அந்த வாரம் அந்த லைன் மட்டும் நிக்கும். மத்த லைன் எல்லாம் முழுசா ஓடும்.”

பாய் மேசையை லேசாகத் தட்டினார். “கரெக்டா சொல்றாரு. இத்தினி வருஷமா நமக்குத் தோணல பாரு. ஒரு மாசம்தான மேடம். ஆவணி பொறந்தா பழையபடி மாத்திக்கினா போச்சு.”

கணக்கு சரியாகவே இருந்தது. ஒரு நல்ல யோசனை நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அது கெட்ட யோசனை ஆகிவிடாது. அந்த அறையில் எனக்கு அதுதான் சங்கடம். மறுநாள் காலை பதில் சொல்வதாகக் கூறி எழுந்தேன்.

தேநீர் இடைவேளைக்குள் செய்தி கூடம் முழுக்கப் பரவிவிட்டது. மூன்றாவது லைன் பக்கம் போனேன்.

“இன்னா மேடம், எங்கள பிரிக்கப் போறீங்களாமே?” என்றார் ஸ்டெல்லா.

காலர் வைக்கும் சரளா முந்திக்கொண்டார். ஊர்ப்பக்கத்தவர், லைனிலேயே வயதில் மூத்தவர். “பிரிச்சா நல்லதுதான மேடம். எங்க ஊரு பொண்ணுங்களோட உக்காந்துக்கினு நிம்மதியா தைப்பேன். காலைலேர்ந்து இவ வாயக் கேக்கத் தேவல.”

“என் வாய் ஓடலன்னா உன் கை ஓடாதுக்கா. இந்த வயசுல அது ஒரு வியாதி.”

“வியாதி எனக்கில்லடி, உன் தொண்டைக்கு.”

லைன் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. கிண்டல் செய்துகொள்பவர்கள் பிரிந்துபோகவும் சம்மதிப்பார்கள். சரளா சொன்னதில் பாதியாவது உண்மையாக இருந்திருக்கும். சொந்தத் தெருப் பெண்களோடு பேசிக்கொண்டு தைப்பது யாருக்குத்தான் பிடிக்காது?

மணி அடித்து மற்றவர்கள் உட்கார்ந்ததும் ஸ்டெல்லா என்னோடு கதவு வரை வந்தார்.

“எனக்காகப் பாக்காதீங்க மேடம். ஆர்டர் போச்சுன்னா ரெண்டாவது ஷெட்டு மூடிடுவாங்க, அது எல்லாருக்கும் தெரிஞ்சிதான் கீது. ஒரு மாசம்தான, நான் மிஷின்ல உக்காந்துக்கறேன்.”

“நீங்க ஏன் மிஷின்ல உக்காரணும்? உங்க ஊர் லைனுக்கு நீங்கதான் சூப்பர்வைசர்.”

அவர் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். “அதுக்கு எதுக்கு மேடம் சூப்பர்வைசரு? எங்க தெருவுல எல்லாம் ஏற்கெனவே என் பேச்சக் கேக்கறவங்கதான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் இழக்கப்போவது எது என்பதை அவரே இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டார். தன்னைச் சேராதவர்களும் தன் பேச்சைக் கேட்கும் இடம் இந்தக் கூடத்தில் ஒன்றுதான் அவருக்கு இருந்தது.

அன்று மாலை பேருந்தில் ஓரிக்கையிலிருந்த வீட்டுக்குத் திரும்பும்போது, விக்னேஷின் திட்டப்படி ஆட்களை மனத்துக்குள் உட்காரவைத்துப் பார்த்தேன். ஒரு யோசனையை எதிர்ப்பதற்கு முன் அதை நேர்மையாக நடத்திப் பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம். உங்களுக்கும் அதைப் பரிந்துரைக்கிறேன். முதல் லைனில் சரளாவை வைத்தேன். அவர் பக்கத்தில், அதே ஊரிலிருந்து வரும் அஞ்சலையை வைத்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். சரளா ஊர், அஞ்சலை காலனி. ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஒரு வாரம். காலனி மாரியம்மனுக்கு வேறொரு வாரம். ஒரே நிறுத்தத்தில் பேருந்து ஏறுகிற இருவருக்கும் காப்பு ஒரே நாளில் கட்டப்படுவதில்லை. ஊர்வாரியாகப் பிரித்தாலும் லைன் நொண்டத்தான் போகிறது. விக்னேஷின் கணக்கு முழுமையாகப் பலிக்க வேண்டுமானால் ஊருக்கு ஒரு லைன், காலனிக்கு ஒரு லைன் என்று பிரிக்க வேண்டும். ஸ்டெல்லா ‘எங்க தெரு’ என்றது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

மறுநாள் காலை இதை இருவரிடமும் சொன்னேன். விக்னேஷின் முகம் மாறியது.

“ஒரே ஊருக்கு ரெண்டு கோயில், ரெண்டு வாரங்களா? எனக்கு அது தெரியாதுங்க மேடம்.” கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். “அப்படின்னா தெருவாரியா பிரிக்கிறதுங்களா? நான் அதுக்காகச் சொல்லலைங்க.”

“தெரியும் விக்னேஷ். இது நடக்கறதுக்கு யாரும் கெட்ட எண்ணத்தோட வரவேண்டியதே இல்ல.”

பாய் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். “பேஜாரா கீதே மேடம் இது. ஒரு மாசத்துக்குத்தான…” என்றார். முதல் நாள் இருந்த உறுதி குரலில் இல்லை.

“சரி பாய், ஒரு மாசம் பிரிச்சு வைப்போம். ஆவணியில சரளாவக் கூப்பிட்டு, எழுந்து போய் மறுபடியும் ஸ்டெல்லா கீழ உக்காருங்கன்னு யாராவது சொல்லணும். நீங்க சொல்றீங்களா?”

“என்ன வம்புல மாட்டி வுடாதீங்க.”

“எனக்கும் ரெண்டாவது தடவை சொல்ல முடியும்னு தோணல.”

நெருக்கடியில் எல்லா வழியும் ஏதோ ஓர் இழப்பைக் கேட்கும். எந்த இழப்பு பெரியது என்று பார்ப்பதோடு, எந்த இழப்பைப் பிறகு சரிசெய்ய முடியும் என்றும் பார்க்க வேண்டும். தேதி தவறினால் கோபம் வரும், பேச்சு வாங்குவோம், ஒருவேளை அந்த வாடிக்கையாளர் போய்விடுவார், வேறொருவரைத் தேடலாம். கலந்து உட்காரும் பழக்கத்தை நாமே கலைத்துவிட்டால், கலைத்தது நிர்வாகம் என்பதே, பிரிந்து உட்காருவதற்குக் காலமெல்லாம் காரணமாகிவிடும். மருத்துவமனைக்கு நேரே போய்ப் பேசலாம் என்றேன்.

பாய்க்கு அது உடன்பாடில்லை. “கடைக்கு வந்தவங்ககிட்ட நம்ம வூட்டுக் கஷ்டத்த சொல்றதா? அப்பறம் அவங்க எதுக்கு நம்ம கடைக்கு வரணும்?”

“கஷ்டத்த சொல்ல வேணாம். எந்த உடுப்பு எந்தத் தேதிக்கு வேணும்னு கேப்போம். கேக்கறதுல என்ன குறைஞ்சிடும்?”

நெடுநேர யோசனைக்குப் பின் இறங்கிவந்தார். “நீங்க பேசுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கினு கீறேன். கூழு கீழுன்னு மட்டும் அங்க வாயத் தொறக்காதீங்க. மொதல்ல நாஷ்டா முடிச்சிக்கினு போலாம், வெறும் வயித்தோட எவன்கிட்ட திட்டு வாங்கறது?”

மருத்துவமனையின் கொள்முதல் அதிகாரி ஒரு பெண்மணி. சிமெண்டுத் தூசிக்கு நடுவே ஒரு தற்காலிக மேசையில் உட்கார்ந்திருந்தார். திறப்பு விழா அன்று யார் யார் பணிக்கு வருகிறார்கள் என்று கேட்டேன். அவர் விரலால் மாடியைக் காட்டினார்.

“மேல இன்னும் டைல்ஸே ஒட்டல. வார்டு, கிச்சன் எல்லாம் ஆவணிக் கடைசியில பாத்துக்கலாம். நர்ஸும் ரிசப்ஷனும்தான் அன்னிக்கு வேணும்.”

“ஆர்டர்ல எல்லாத்துக்கும் ஒரே தேதி போட்டிருக்கே?”

“தனித்தனியா எதுக்கு டைப் பண்ணிக்கினுன்னு ஒரே தேதி போட்டுட்டோம்.”

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்வையில் இருந்த நிம்மதி நெடுநேரம் நீடிக்கவில்லை. “ஆனா நர்ஸுங்க டிரெஸ் மட்டும் ஒரு வாரம் முன்னாடியே வேணும். ட்ரெயினிங், போட்டோ எல்லாம் கீது. முடியுமா?” என்றார் அதிகாரி.

அந்த வாரம் சரளாவின் ஊரிலும், அதற்கடுத்த பெரிய ஊரிலும் கூழ். பாய் தலையாட்டத் தொடங்கியதைக் கண்டேன். வியாபாரிக்கு அது அனிச்சைச் செயல். நான் குறுக்கிட்டு, “தைக்கிறவங்களக் கேட்டுட்டு இன்னிக்கு சாயங்காலமே சொல்லிடறோம்” என்றேன். அதிகாரி ஒப்புக்கொண்டார்.

திரும்பும் வழியில் பாய், “கஸ்டமருகிட்ட கேட்டுட்டு சொல்றேன்னு சொன்ன மொதலாளிய உத்திரமேரூருல யாரும் பாத்திருக்க மாட்டாங்க” என்றார்.

“சொன்னது நான்தான பாய்.”

“பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தது நான்.”

கூடத்துக்கு வந்ததும் எல்லா மெஷின்களையும் நிறுத்தச் சொன்னேன். இரண்டாவது கொட்டகையின் நிலை, மருத்துவமனை கேட்பது, தேதி எந்த வாரத்தில் விழுகிறது என்பது வரை அனைத்தையும் மறைக்காமல் சொன்னேன். ஊர்வாரியாகப் பிரிக்கப்போவதில்லை என்பதையும் சொன்னேன். மாலையில் கூடுதல் நேரம் இருந்து தைக்க முடியுமா என்று கேட்டேன்.

காப்புக் கட்டப்போகிறவர்கள் பக்கமிருந்து சரளா எழுந்தார். “வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊருக்குள்ள போயிடணும் மேடம். அதுல மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. காலைல எத்தினி மணிக்கு வேணாலும் வரோம். பஸ்ஸு அனுப்புங்க.”

“நாங்க சாயந்தரம் இருக்கறோம். எங்க கூழுக்கு இன்னும் நாள் கீது” என்றார் அஞ்சலை.

விக்னேஷ் அதற்குள் ஒரு துணிவெட்டுத் தாளின் பின்புறத்தில் கட்டம் போடத் தொடங்கியிருந்தார். விடியற்காலையில் வருகிறவர்கள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். அதே மெஷினில் மற்றவர்கள் உட்கார்ந்து இரவுச் சாப்பாட்டு நேரம் வரை தைப்பார்கள். எல்லா லைனிலும் இரண்டு தரப்பும் இருந்ததால் எந்த லைனும் நிற்கத் தேவையில்லை. ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று என்று பிரித்திருந்தால், மாலையில் ஊர் லைனின் மெஷின்களில் உட்கார ஆளே இருந்திருக்காது. இதை நான் முன்கூட்டியே கண்டுகொண்டு முடிவெடுத்தேன் என்று சொல்ல ஆசைதான், உண்மை அதுவல்ல. பிரிக்கக்கூடாது என்று முதலில் முடிவு செய்தேன். பிரிக்காததால் கிடைத்த பயன் பிறகுதான் தெரிந்தது. பேருந்து நேரங்களையும் இருக்கை மாற்றங்களையும் அன்றிரவே விக்னேஷ் வகுத்துத் தந்தது, நான் செய்திருக்கக்கூடியதைவிடப் பன்மடங்கு நேர்த்தியானது. பாய் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சம்மதம் சொன்னார்.

புதிய முறையின் முதல் நாள் பிற்பகலில் ஒரு சிக்கல் எழுந்தது. சரளாவின் மெஷினில் மாலையில் அஞ்சலை உட்கார வேண்டும். சரளா எழுந்திருக்கவில்லை.

“என் மிஷின்ல யாரும் கை வெக்கக்கூடாது.”

எந்தத் தையற்காரரும் சொல்லக்கூடிய சொல்தான் அது. பழகிய மெஷினைப் பிறர் தொட்டால் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் கோபம் வந்திருக்கிறது. உட்காரப் போவது அஞ்சலை என்பதும் அதற்குள் இருந்திருக்கலாம். எது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. சரளாவுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். அலுவலகக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் எழுந்துவிடுவார். அந்த வார்த்தையைச் சொல்லும்படியான நேரமா இது என்று யோசித்து, கதவருகிலேயே நின்றேன். என் பணிக்காலத்தில் நான் செய்த மிகக் கடினமான வேலைகளில் அப்படி நின்றதும் ஒன்று.

“உன் மிஷினு இல்லக்கா, பாய் மிஷினு. எழுந்திரு, பஸ்ஸு வந்துடும்” என்றார் ஸ்டெல்லா.

“நூலு டென்ஷன நான் ஒரு அளவுல வெச்சிக்கினு கீறேன். இவ திருகிடுவா.”

“நான் எதுக்குத் திருகறேன்? நூலு அறுந்தா கூட உங்களக் கேட்டுட்டுத்தான் கோக்கணும் போல கீது” என்றார் அஞ்சலை.

“டென்ஷன் திருகாணிய யாரும் தொடமாட்டாங்க. அது என் பொறுப்பு. எழுந்திருக்கா” என்றார் ஸ்டெல்லா.

சரளா எழுந்தார். தன் கத்தரிக்கோலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். மெஷினின் மீது கிடந்த நூல் துணுக்குகளைக் கையால் துடைத்துவிட்டு, அஞ்சலையைப் பார்க்காமல் பேருந்துக்குப் போனார்.

மறுநாள் விடியற்காலையில் நான் வந்தபோது மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது லைனில் மட்டும் சண்டைச் சத்தம். காலரின் விளிம்பில் தையல் சுருங்கியிருந்தது. சரளா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஸ்டெல்லா, இங்க வா. இன்னா பண்ணி வெச்சிக்கிறா பாரு. தொடமாட்டான்னு சொன்ன?”

ஸ்டெல்லா குனிந்து ஓர் ஓரத்துணியில் இரண்டு கோடு தைத்துப் பார்த்தார். “டென்ஷன் சரியாத்தான் கீது. கீழ பாபின்ல பாதி நூலு உன்னுது, பாதி அவுளுது. மாத்திப் போடு. அந்தக் காலரையும் பிரி.”

“நான் எதுக்குப் பிரிக்கணும்? அவ வந்து பிரிக்கட்டும்.”

“அவ வந்து பிரிச்சா நர்ஸம்மா போட்டோக்கு காலர் இல்லாம நிப்பாங்க. பிரிக்கா, சாயந்தரம் அவளத் திட்டலாம். நானும் சேந்து திட்டறேன்.”

“நல்லா திட்டணும், சொல்லிட்டேன்.”

சரளா முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து காலரைப் பிரிக்கத் தொடங்கினார். அந்தச் சண்டையில் என் பெயர் ஒரு முறைகூட வரவில்லை. நான் வந்திருப்பதை அவர்கள் கவனித்ததாகவும் தெரியவில்லை. சீருடைகள் சொன்ன வாரத்தில் போய்ச் சேர்ந்தன. இரண்டாவது கொட்டகையும் திறந்தே இருந்தது. ஆனால் அந்த ஆண்டு நான் நன்றாக வேலை பார்த்தேன் என்று எனக்கு உறுதியானது, லைனின் ஓரமாக நடந்து, யாருக்கும் தேவைப்படாமல் அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்த அந்தக் காலையில்தான்.